துருவைத் துடைப்பதற்கு முன்: ஒரு பேஸ் கிட்டாரும் சில ரெஸ்டொரேஷன் வீடியோக்களும்

இரண்டு மாதமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே வகை யூடியூப் வீடியோ. பேச்சே கிடையாது. துருப்பிடித்த ஒரு பொருள் மேசைமேல் 'தொம்'மென்று வந்து விழும். கையுறை போட்ட இரண்டு கைகள் அதை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகப் பிரிக்கும். ஏதோ ஒரு திரவத்தில் ஊறப்போடும். எடுக்கும்போது துரு சேறு மாதிரி வழியும். பஃபிங் சக்கரம், பாலிஷ், ஸ்ப்ரே பெயின்ட். கடைசியில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். கத்தி, தையல் மெஷின், பெட்ரோமாக்ஸ், அப்புறம் எலெக்ட்ரிக் கிட்டார். பார்க்க சுகமாக இருக்கிறது, மறுக்கவில்லை. என் மனைவியும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள்.

நான் பார்த்ததற்குக் காரணம் வேறு. என் மேசைமேல் அப்படி ஒரு பொருள் நிஜமாகவே இருந்தது.

பள்ளி நண்பன் ஒருவனுடைய அப்பா, எண்பதுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர். பகலில் அரசு வேலை, இரவில் கல்யாணக் கச்சேரியும் கோவில் திருவிழாவும். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. கிட்டார் பரணில் ரெக்சின் உறைக்குள் கிடந்தது. கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளிய வீடு, உப்புக் காற்று எப்படியிருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நண்பனின் மகள் இப்போது கல்லூரி பேண்டில் பேஸ் வாசிக்கிறாள். தாத்தாவின் கிட்டாரைக் கேட்டிருக்கிறாள். ஒரு கடையில் காட்டியபோது, "பிக்கப் போச்சு, பிரிட்ஜ் போச்சு, உள்ளே ஒயரிங் மொத்தமா மாத்தணும், பாடிக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிடலாம், புதுசு மாதிரி ஆயிடும்" என்று சொன்னார்களாம். சால்டரிங் அயர்ன் வைத்திருக்கும் ஒரே நண்பன் என்ற தகுதியில் அது என்னிடம் வந்தது.

அந்தப் 'புதுசு மாதிரி' என்ற இரண்டு சொற்களோடுதான் எனக்கு வழக்கு. வீடியோக்களின் அழகியலும் அதுதான், கடைக்காரர் சொன்னதும் அதுதான். அது ஏன் ஒரு இசைக்கருவிக்குப் பொருந்தாது, எங்கே பொருந்தும் என்பதை இந்த வேலையை வைத்தே எழுதிப் பார்க்கிறேன். வேலையில் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்து.

முதலில் பொருள். ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ் என்ற 1951-ஆம் வருட வடிவத்தை ஜப்பானில் நகலெடுத்துச் செய்த கருவி. லியோ ஃபெண்டர் அந்த மாடலில் கழுத்துக்கு ஃப்ரெட் வைத்தார். சுரம் துல்லியமாக விழும் என்பதால் 'பிரெசிஷன்' என்று பெயர். 1957-இல் அதன் பிக்கப் இரண்டு துண்டுகளாக, ஒன்றுக்கொன்று சற்று விலகி அமைந்த வடிவத்துக்கு மாறியது. நண்பன் கொண்டுவந்தது அந்தப் பிற்கால வடிவத்தின் நகல். ஒரு வால்யூம், ஒரு டோன், ஒரு ஜாக். அவ்வளவுதான். தலையில் இருந்த கம்பெனிப் பெயர் பாதிக்குமேல் தேய்ந்துவிட்டது. உறைக்குள் இருந்த ஸ்பாஞ்ச் பொடிந்து பிசினாகிப் பின்பக்கம் முழுக்க ஒட்டியிருந்தது. பிரிட்ஜில் தந்தியின் உயரத்தை மாற்றும் எட்டுக் குட்டி ஸ்க்ரூக்களில் ஐந்து அசையவில்லை. ஃப்ரெட்டுகளில் பச்சைக் களிம்பு. ஃப்ரெட்டை நிக்கல் சில்வர் என்பார்கள். அதில் வெள்ளி துளிகூட இல்லை, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். அதனால்தான் நம் வீட்டுச் செம்புக் குடம் மாதிரியே அதுவும் பச்சையாகிறது.

வீடியோக்களில் இந்தக் கட்டத்துக்கு அடுத்த காட்சி பிரிப்பது. என் முதல் குற்றச்சாட்டு இங்கேயே தொடங்குகிறது. யாரும் எதையும் அளப்பதில்லை. கருவி இப்போது எப்படி ஒலிக்கிறது என்று ஒருவர்கூடப் பதிவு செய்வதில்லை. இருபது நிமிட வீடியோவில் கடைசி இருபது விநாடிதான் வாசிப்பு. அதுவும் புதுத் தந்தி, புது பிக்கப். எது சரியானது, எது மாறிப்போனது என்று பார்ப்பவருக்கு ஒப்பிட வழியே இல்லை. மென்பொருளில் இப்படிச் செய்தால், அதாவது பழைய புரோகிராம் என்ன விடை தந்துகொண்டிருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் திருத்தி எழுதினால், டீம் லீட் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்.

நான் மல்டிமீட்டரை எடுத்து, வால்யூமை முழுதாகத் திறந்து, ஜாக்கில் வைத்துப் பார்த்தேன். எதுவுமே காட்டவில்லை. கடைக்காரரும் இதோடு நிறுத்தியிருப்பார் என்று ஊகிக்கிறேன். பிக்கப் செத்துவிட்டது என்று முடிவுக்கு வர இது போதும். இந்த வகை பிக்கப்பில் இரண்டு சுருள்களும் தொடராக இணைந்தவை. ஒன்று அறுந்தாலும் மொத்தமும் மௌனம். அறுவதற்கு நல்ல காரணமும் உண்டு. தலைமுடியைவிட மெல்லிய எனாமல் பூசிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகள். வியர்வையின் உப்பு உள்ளே இறங்கி, காந்தத்திலோ இரும்புத் துருவத்திலோ துரு பொங்கினால், எனாமலை உரித்துக் கம்பியைத் தின்றுவிடும். பழைய ஃபெண்டர் பிக்கப்புகள் பல இப்படித்தான் செத்தன.

ஆனால் பிளாஸ்டிக் பலகையைக் கழற்றி, பிக்கப்பின் இரண்டு ஒயர்களில் நேரடியாக வைத்தபோது மீட்டர் 10 கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே நின்றது. இந்த வகைக்கு ஆரோக்கியமான எண். பிக்கப் உயிரோடுதான் இருந்தது. பழுது ஜாக்கில். பிளக்கின் நுனியைத் தொடவேண்டிய அந்த வளைந்த தகடு கறுத்து, முறுக்கு விட்டு, விலகி நின்றிருந்தது. மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய், கொறடாவால் ஒரு வளைவு. ஆம்ப்ளிஃபையரில் செருகினேன். நாலு வருடம், ஒருவேளை அதற்கும் மேல், பேசாமல் கிடந்தது 'கர்ர்' என்று கரகரத்துவிட்டுப் பேசியது.

அந்தக் கரகரப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

வால்யூம் குமிழுக்குக் கீழே இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், கடைவழக்கில் 'பாட்'. லாடம் வடிவில் ஒரு கார்பன் பாதை, அதன்மேல் வழுக்கிச் செல்லும் ஒரு உலோக விரல். தூசி, துரு, தேய்ந்த கார்பன் பொடி, இவை இடையில் வரும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும், அதுதான் கரகரப்பு. வீடியோக்களில் இதற்கு இரண்டே வைத்தியம். ஒன்று, டபிள்யூடி-40-ஐ உள்ளே அடிப்பது. இரண்டு, பாட்டைப் பிடுங்கிக் குப்பையில் போடுவது. அந்த நீல டப்பா 1953-இல் ஈரத்தை விரட்டவென்று பிறந்தது, 40-ஆவது முயற்சியில் கலவை சரியாக வந்ததால் அந்தப் பெயர். அசையாத ஸ்க்ரூவுக்கு நல்லது. கார்பன் பாதைக்கு வேண்டியது அதுவல்ல. தண்டில் வைத்திருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும், பின்னால் தூசியைப் பிடித்துவைக்கும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

நான் கிளீனர் அடிப்பதற்கு முன்னால் குமிழை மெதுவாகத் திருப்பிக்கொண்டே ரெக்கார்ட் செய்தேன். அப்போதுதான் கவனித்தேன், கரகரப்பு எல்லா இடத்திலும் இல்லை. 0-விலிருந்து 10 வரை என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 5-க்கும் 8-க்கும் இடையில்தான் சத்தம். அதற்குக் கீழேயும் மேலேயும் வெண்ணெய் மாதிரி போகிறது. வெறும் கடல் காற்று செய்த வேலையாக இருந்தால் பாதை முழுக்க ஒரே மாதிரி இருக்கவேண்டும். கழற்றி, மூடியின் நாலு காதுகளையும் நிமிர்த்தித் திறந்து பார்த்தால் (இந்தக் காதுகள் ஒருமுறைதான் வளையும், இரண்டாம் முறை ஒடியும், ஜாக்கிரதை), அந்தப் பகுதியில் கார்பன் தேய்ந்து கீழே இருக்கும் பலகையின் பழுப்பு நிறம் தெரிந்தது. மனிதர் முழு வால்யூமில் வாசிக்கவே இல்லை. கச்சேரி முழுக்க அந்த மூன்று புள்ளிக்குள் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். பல்லவிக்குக் கொஞ்சம் அடக்கி, இடையிசையில் கொஞ்சம் தூக்கி என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். எண்பதுகளில் மெல்லிசைக் குழுவில் பேஸ் என்றால் பாதி இரவு ராஜா பாட்டுதானே. அந்தப் பாட்டுகளில் பேஸ் ஒரு இடத்தில் சும்மா நிற்காது. தேய்மானம் என்பது பழுது, சரி. ஆனால் அது ஒரு பதிவேடும்கூட. வேறெங்கும் எழுதிவைக்கப்படாத ஒருவரின் கைப்பழக்கம் அதில் இருக்கிறது.

இனி என் தப்பு.

டோன் குமிழின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் அதைத் துரு என்று நினைத்தேன், அல்லது நினைக்கவே இல்லை. பாட்டைக் கழற்றும் முன் குமிழ்கள் இரண்டையும் எடுத்து, வீடியோவில் பார்த்த அதே உற்சாகத்தோடு பிராஸோ போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். அடுத்த வாரம் ஏதோ வேலையாக அவர்கள் வீட்டுக்குப் போனபோது குமிழ்களைக் கையோடு கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டினேன். நண்பனின் அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு சிவப்புப் புள்ளி இருக்குமேப்பா?" என்றார். "மேடையில இருட்டுல தெரியணும்னு என் நெயில் பாலிஷை எடுத்து வெச்சாரு. நான் சண்டைகூடப் போட்டேன்."

நான் என்ன சொல்ல. "தேஞ்சிடுச்சும்மா" என்றேன். அது பொய் இல்லை, தேய்த்தவன் நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகு போனில் சொன்னேன். "அதனால என்னப்பா" என்றார். ஆனால் என்னவோ இருக்கத்தான் செய்தது. அந்தப் புள்ளி இரண்டு பேருடைய சங்கதி. அதை ஒரு துணியால் இரண்டு நிமிடத்தில் இல்லாமல் ஆக்கியிருக்கிறேன்.

நம் ஊரில் இதன் பெரிய வடிவத்தைப் பார்த்திருக்கிறோம். குடமுழுக்குக்குத் தயாராகும் கோவில்களில் சுவர்மேல் மணல்வீச்சு நடத்தி, கல் புதிதாகத் தெரியவேண்டும் என்று செய்ததில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போனதைக் கல்வெட்டு ஆய்வாளர்கள் எத்தனையோ முறை எழுதிவிட்டார்கள். அந்த வேலையைச் செய்தவர்களுக்குக் கோவில்மேல் பக்தி இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. அழுக்குக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் செய்த பக்தி. ஐரோப்பாவில் இந்தச் சண்டை 19-ஆம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது. பழங்கட்டிடத்தைப் புதுப்பிப்பது அதை அழிப்பதற்குச் சமம் என்ற கட்சியை ஜான் ரஸ்கின் 1849-இல் எழுதிய கட்டிடக்கலை நூலில் எடுத்தார். பாரிஸ் நோத்ர தாமைச் சீரமைத்த வியொலே லெ துக் நேர் எதிர்க்கட்சி. ஒரு கட்டிடத்தை, அது எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக்கூடக் கொண்டுவரலாம் என்றவர். யூடியூப் ரெஸ்டொரேஷன்காரர்கள் எல்லாரும் தெரியாமலேயே லெ துக்கின் சீடர்கள். அந்தக் கத்தி தொழிற்சாலையை விட்டு வரும்போது அவ்வளவு பளபளப்பாக ஒருபோதும் இருந்திருக்காது.

அப்படியானால் ஒன்றையும் தொடாமல் விடவேண்டுமா? அதற்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. அதன்மேலும் எனக்கு விமர்சனம் உண்டு.

பழைய கிட்டார் வியாபார உலகில் ஒரிஜினல் என்பது கிட்டத்தட்ட மதம். அமெரிக்க பாட்டுகளின் முதுகில் ஒரு எண் அச்சடித்திருப்பார்கள். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல், அடுத்து வருடம், கடைசி இரண்டு இலக்கம் வாரம். 1376632 என்றால் 1966-ஆம் வருடம் 32-ஆவது வாரம். கிட்டாரின் வயதைக் கண்டுபிடிக்க அருமையான சான்று, என்னை மாதிரி ஆட்களுக்கு இனிப்பு. ஆனால் அந்த வட்டாரத்தில் தொழிற்சாலையில் வைத்த ஈயம் உருகாமல் இருக்கவேண்டும் என்பதற்காக வேலை செய்யாத பாட்டை அப்படியே விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். மேல்பூச்சை மாற்றியிருந்தால் விலை பெரிதும் விழும். பாதுகாக்கப்படுவது தொழிற்சாலை நாள், வாசித்தவரின் முப்பது வருடம் அல்ல. இதன் விசித்திரமான நீட்சிதான் ரெலிக். ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் 1990-களின் நடுவிலிருந்து புதுக் கிட்டாரையே தேய்த்து, கீறி, உலோகத்தைத் துருப்பிடிக்க வைத்து விற்கிறது. யாருமே வாசிக்காத கையின் தழும்பு. கைவேலை அபாரம்தான். இருந்தும் அதைப் பார்க்கும்போதெல்லாம் கடையில் வாங்கிய ஆல்பத்தில் யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாணப் போட்டோ இருப்பது போல் எனக்குத் தோன்றும்.

இந்த இரண்டு கட்சிக்கும் அடங்காத இரண்டு பேஸ்கள் உண்டு. இரண்டுமே 1962-ஆம் வருட ஃபெண்டர். இரண்டுமே திருடு போனவை.

ஒன்று ஜேம்ஸ் ஜேமர்சனின் பிரெசிஷன். டெட்ராய்ட் மோடவுன் ஸ்டுடியோவில், பெரும்பாலும் ஒற்றைச் சுட்டுவிரலால், அறுபதுகளின் எத்தனையோ ஹிட் பாட்டுகளுக்கு அவர் வாசித்தது அதில்தான். லா பெல்லா கம்பெனியின் தடித்த ஃப்ளாட்வவுண்ட் தந்திகள். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்வது. பிரிட்ஜ் மூடிக்குக் கீழே ஒலியை அடக்கும் ஸ்பாஞ்ச். பழந்தந்தியில் அழுக்கும் எண்ணெயும் ஏற ஏற உச்ச அதிர்வுகள் மடிந்து, அடிச்சுரம் மட்டும் கட்டியாக நிற்கும். ஜேமர்சனின் ஒலி என்று நாம் கேட்பதில் அந்த அழுக்குக்கும் பங்கு இருக்கிறது. 1983-இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அந்த பேஸ் களவு போனது. அதை எடுத்தவர் நல்லெண்ணத்தோடு துடைத்து, ஸ்பாஞ்சை எறிந்து, புதுத் தந்தி கட்டியிருந்தால், கையில் வைத்திருப்பது என்னவென்று அவருக்கே தெரியாமல் போயிருக்கும்.

இன்னொன்று ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஜாஸ் பேஸ். அதில் ஃப்ரெட்டுகள் பிடுங்கப்பட்டு, பள்ளங்கள் அடைக்கப்பட்டு, விரல்பலகைமேல் படகுகளுக்குப் பூசும் எபாக்சி ஊற்றப்பட்டது. தானே செய்ததாக ஜாக்கோ சொல்லிக்கொண்டார். காரணம் அலங்காரமல்ல. ரவுண்ட்வவுண்ட் தந்தி அரம் மாதிரி, ஃப்ரெட் இல்லாத மரத்தை அறுத்துவிடும், அதற்குக் கவசம். சேகரிப்பாளர் கண்ணால் பார்த்தால் அது பாழாக்கப்பட்ட 1962 ஜாஸ் பேஸ். பின்னாளில் அது துண்டு துண்டாக உடைந்து ஒட்டவைக்கப்பட்டதும் உண்டு. 1986-இல் நியூயார்க்கில் திருடுபோய், பல வருடம் கழித்துக் கிடைத்து, மெட்டாலிகாவின் ராபர்ட் ட்ருஹீயோ உதவியோடு மீட்கப்பட்டது. அதைப் 'புதுசு மாதிரி' ஆக்குவது என்றால் ஃப்ரெட் திரும்பப் போடவேண்டும். சொல்லிப் பார்த்தாலே அபத்தம் தெரிகிறது.

ஒருவர் எதையும் மாற்றவில்லை, ஒருவர் எல்லாவற்றையும் மாற்றினார். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை இருவருக்குமே பொருட்டல்ல. அதனால் 'எவ்வளவு மாற்றலாம்' என்ற கேள்வியே எனக்குத் தப்பாகத் தெரிகிறது. இந்தத் தடம் வாசித்தவர் விட்டதா, பரண் விட்டதா என்பதுதான் கேட்கவேண்டியது. பரணின் துருவுக்கு நான் எந்த மரியாதையும் தரவில்லை. பிரிட்ஜ் ஸ்க்ரூக்களுக்கு சால்டரிங் அயர்ன் நுனியால் சூடு வைத்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒரு இரவு விட்டு, மறுநாள் அலன் கீ. ஐந்தில் நாலு வந்துவிட்டன. வினிகரில் ஊறப்போடுவதை எல்லா வீடியோவும் சொல்கிறது. நான் ஒரே ஒரு ஸ்க்ரூவில் சோதித்துவிட்டு நிறுத்தினேன். துருவோடு துத்தநாகப் பூச்சையும் அது சேர்த்துத் தின்கிறது. ஸ்பாஞ்ச் பிசினுக்கு மண்ணெண்ணெயில் நனைத்த துணி, பொறுமை. பிரிட்ஜுக்குக் கீழே பூமித் தொடர்புக்கான கம்பி முழுக்கத் துருவாகியிருந்தது. தந்தியைத் தொட்டாலும் ஹம் சத்தம் குறையாததற்கு அதுதான் காரணம். புதுக் கம்பி போட்டேன். இதிலெல்லாம் தத்துவமே கிடையாது.

பாட்டுகளில்தான் யோசித்தேன். கடைக்காரர் சொன்னபடி ஒயரிங்கை மொத்தமாக மாற்றினால் என்ன ஆகியிருக்கும்? ஃபெண்டர் பேஸுக்கு வழக்கமாகப் போடுவது 250 கிலோ ஓம் பாட். இந்த ஜப்பான் கருவியில் இருந்தவை 500. முதுகில் 'ஏ500கே' என்று போட்டிருந்தது, அந்த 'ஏ' காதுக்கு ஏற்ற ஏறுமுறை என்பதைக் குறிக்கும். வெறும் வால்யூம் குமிழ்தானே, எண் எதுவானால் என்ன என்று தோன்றும். அப்படியல்ல. பிக்கப் ஒரு தூண்டுசுருள். கேபிளுக்கு ஒரு மின்தேக்குதிறன் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஓர் அதிர்வெண்ணில் ஒலி கொஞ்சம் தூக்கி, அதற்குமேல் வேகமாகச் சரியும். அந்தத் தூக்கல் எவ்வளவு உயரம் என்பதை முடிவு செய்வது பாட்டுகளின் மின்தடை. இரண்டு 500-ஐ இணையாக வைத்தால் 250 கிலோ ஓம் சுமை. இரண்டு 250 என்றால் 125. சுமை கூடினால் தூக்கல் அமுங்கும். ஆக, தரமான, விலை கூடிய, ஒரிஜினல் ஃபெண்டருக்குப் போடும் பாட்டுகளைப் போட்டிருந்தாலும் குரல் மாறியிருக்கும். அது கெட்டிருக்கும் என்று சொல்லவில்லை, வேறொன்றாகியிருக்கும். யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் முந்தைய ஒலிதான் யாரிடமும் இல்லையே.

தேய்ந்த கார்பன் வளராது. வால்யூம் பாட்டைக் கிளீனர் காப்பாற்றாது என்று ஆனபிறகு, அதே 500 கிலோ ஓமில் புதிது வாங்கிப் போட்டேன். நல்ல பேஸ் மேடையில் கரகரக்கக்கூடாது, அந்தப் பெண் வாசிக்கப்போகிறாள். பழையது ஒரு ஜிப் கவரில், தேதி எழுதி, உறையின் பாக்கெட்டில் இருக்கிறது. உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்பில் பாடபேதம் கொடுத்திருப்பார் அல்லவா, அதுபோல. ஏற்ற பாடம் மேலே, விட்ட பாடம் கீழே, நாளைக்கு வருபவர் என்னோடு சண்டைபோட வசதியாக. வீடியோக்கள்மேல் எனக்கிருக்கும் பெரிய மனக்குறை இதுதான். பழைய பாகங்கள் எங்கே போயின என்று அவை காட்டுவதே இல்லை. திரவத்தில் கரைந்த துருவைக் காட்டுகிற கேமரா குப்பைத்தொட்டியைக் காட்டுவதில்லை.

டோன் பாட்டையும் திறந்தேன். அதில் தேய்மானம் இல்லை. பாதை முழுக்க மங்கலான ஒரு படலம், அதில் ஒரே ஒரு இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வளைவு மட்டும் பளபளப்பு. மூடிய முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரம். உலோக விரல் வருடக்கணக்காக அங்கேயேதான் நின்றிருக்கிறது, முழங்கை பட்டு அப்படி இப்படி அசைந்ததைத் தவிர. 10-க்கு 3, அல்லது 3-க்குச் சற்று மேல். சிவப்புப் புள்ளி காட்டிய இடம் அதுதான். மேல்சுரங்களைப் பெரும்பாலும் மூடிவிட்ட ஒலி. திருவிழா மேடைகளின் குழாய் ஸ்பீக்கரில் கீபோர்டும் பாடகர் குரலும் ஏற்கெனவே காதைக் கிழித்துக்கொண்டிருக்கும், அதற்கு நடுவில் அவர் தேர்ந்தெடுத்த இடம் என்று எனக்குப் படுகிறது. பாட்டைக் கிளீனரால் கழுவித் திரும்ப அதையே போட்டேன். கழுவும் முன் படம் எடுத்துக்கொண்டேன், இந்தமுறை மறக்கவில்லை.

மேல்பூச்சைத் தொடவில்லை. வலது முன்கை படும் இடத்தில் மரம் தெரிகிறது, தெரியட்டும். தந்திகளைக் கழற்றிச் சுருட்டி அதே கவரில் போட்டாயிற்று. அவை வாசிக்கும் நிலையில் இல்லை, துருவால் எடை சீரில்லாமல் 12-ஆவது ஃப்ரெட்டில் சுரம் தப்பியது. கழற்றுவதற்கு முன் பதிவு செய்த கோப்பு என்னிடமும் நண்பனிடமும் இருக்கிறது. ஒவ்வொரு தந்தியும் திறந்தபடி, பின்பு ஒவ்வொரு ஃப்ரெட், வால்யூம் 0-விலிருந்து 10 வரை, கரகரப்போடு. கேட்க ஒன்றும் இனிமையாக இருக்காது.

போன ஞாயிறு நண்பனின் மகள் வந்து வாங்கிக்கொண்டாள். புது ரவுண்ட்வவுண்ட் தந்தி அவளே கொண்டுவந்திருந்தாள். தாத்தா வைத்த இடம் எது என்று டோனைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்தாள். "சவுண்ட் குண்டா இருக்கு அங்கிள்" என்று சிரித்துவிட்டு, குமிழை முழுதாகத் திறந்துவிட்டாள். பாட்டி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஜி தந்தியின் ஒரு ஸ்க்ரூ இன்னும் வரவில்லை, அந்தத் தந்தி மட்டும் ஒரு நூல் உயரம். அடுத்தமுறை தந்தி மாற்றும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.